சாவி என்கிட்டதான் இருந்துச்சு

வேண்டாம்மா, நீங்க குடிங்க. பஸ்ல ஏறினா நான் தண்ணி குடிக்கிறதில்ல. சுகர், பிரஷர் எல்லாம் ஒண்ணுமில்ல. அறுபத்தி மூணு வயசாகுது, இன்னைக்கு வரைக்கும் ஒரு மாத்திரை கிடையாது. பழக்கம், அவ்வளவுதான். காலையில அருப்புக்கோட்டையில ஒரு காப்பி குடிச்சேன். இனி திருச்சியில மக வீட்டுக்குப் போய்த்தான்.

ஒண்ணு கேக்கட்டுமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. ஒட்டுக்கேக்கல, பக்கத்து சீட்டு, காதை எங்கிட்டுக் கொண்டுபோய் வைக்க? ஏதோ பள்ளிக்கூடம், பயன்பாட்டுச் சான்றிதழ் வரல, போட்டோ வரலன்னு யாரையோ சத்தம் போட்டீங்க. ஆடிட்டா? அதானே பார்த்தேன். சின்ன வயசா இருக்கீங்க, ஆனா குரல்ல அந்த இது இருந்துச்சு. நானும் அந்த வட்டாரத்து ஆளுதான்மா. உங்க பக்கமில்ல, உங்களைக் கண்டு பயப்படுற பக்கம். முப்பத்தி நாலு வருஷம் சர்வீஸ், கடைசி ஒன்பது வருஷம் ஹெச்.எம். பாக்கியவதி டீச்சர்னா எங்க ஒன்றியத்துல எல்லாருக்கும் தெரியும். ரிட்டயர் ஆன அன்னைக்கு என் சர்வீஸ் புக்ல ஒரு ரிமார்க் கிடையாது. ஒண்ணே ஒண்ணு கூடக் கிடையாது. எங்க வட்டாரக் கல்வி அலுவலர், பி.இ.ஓ., மேடையிலயே சொன்னாரு.

ஊர் பேரு வேண்டாம். உங்களுக்கு ஒரு போன் போட்டா எந்தப் பள்ளிக்கூடம்னு தெரிஞ்சிரும், இருந்தாலும் என் வாயால வேண்டாம். நடுநிலைப் பள்ளி, எட்டாப்பு வரைக்கும். தொண்ணூறு சொச்சம் பிள்ளைக. தீப்பெட்டி ஆபீஸுக்கு, அதான் ஃபேக்டரிக்கு, வேலைக்குப் போறவங்க பிள்ளைகதான் பாதிக்கு மேல. பொம்பளைப் பிள்ளைகளுக்குன்னு ஒரு பழைய கழிப்பறை இருந்துச்சு. ரெண்டு அறை. ஒண்ணுக்குக் கதவு கிடையாது. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வாசல்ல முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பா. வாளியில தண்ணி. சுமார்தான், ஆனா ஓடிக்கிட்டிருந்துச்சு.

நான் ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கறப்ப, ஒரு பிப்ரவரி கடைசியில ஆர்டர் வந்துச்சு. புதுக் கழிப்பறை, நாலு அறை, டைல்ஸ் பதிச்சு. பணம் ரெண்டு தவணை. முதல் தவணையில கட்டடம். அதை மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள செலவழிச்சாகணும், இல்லாட்டித் திரும்பிப் போயிரும். ரெண்டாவது தவணையில மோட்டார், மேல்தொட்டி, குழாய். அது எப்ப வரும்னா, மேல இருந்து ஒரு குழு வந்து, கட்டினதைப் பார்த்து, நல்லா இருக்குன்னு எழுதினப்புறம்தான் வரும். இதுல தப்பு சொல்ல என்ன இருக்கு? பணம் குடுக்கிறவன் பார்த்துட்டுத்தானே குடுப்பான். நீங்களே சொல்லுங்க. உங்களைக் குத்தம் சொல்லல நான்.

எங்க கட்டுறது? பிளான்ல 'பழைய கட்டடம் உள்ள இடத்தில்'னு போட்டிருந்துச்சு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி அரை ஏக்கர் சும்மா கெடக்கு, கருவேல முள்ளு. அதுல ஒரு ஓரமாக் கட்டினா பழசு பாட்டுக்கு இருக்குமேன்னு காண்ட்ராக்டர்கிட்ட கேட்டேன். பிளானை மாத்தணும்னா பேப்பர் திரும்ப மேல போயி வரணும் டீச்சர், அதுக்குள்ள மார்ச் முடிஞ்சிரும்னாரு. நியாயம்தானே. மார்ச் ஆறாம் தேதி பழசை இடிச்சோம்.

இருபத்தி நாலு நாள்ல கட்டி முடிச்சாங்கம்மா. வெளிச் சுவத்துல பச்சைப் பெயிண்ட், பொம்மைப் படம், உள்ள வெளிர் நீல டைல்ஸ். என் வீட்டு பாத்ரூம் கூட அப்படி இருக்காது, சத்தியமா. முப்பதாம் தேதி போட்டோ எடுத்து, சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். முப்பத்தொண்ணாம் தேதி என் சொந்தக் காசுல ஒரு பூட்டு வாங்கிப் பூட்டினேன்.

ஏன் பூட்டினேன்னு தானே பாக்குறீங்க? பக்கத்து ஊர் ஹெச்.எம். தனுஷ்கோடி சார்னு ஒருத்தர். அவருக்கு அதுக்கு முந்தின வருஷமே இதே மாதிரி கட்டிக் குடுத்திருந்தாங்க. நல்ல மனுஷன், கட்டின அன்னைக்கே தொறந்து விட்டுட்டாரு. மோட்டார் வரல, தண்ணி பத்தல. குழு வந்தப்ப நாத்தம். ஒரு டைல்ஸ்ல விரிசல். 'பராமரிப்பு இல்லை, நிதி வீணடிப்பு'ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அவருக்கு 17-பி நோட்டீஸ், ஒழுங்கு நடவடிக்கை. உங்களுக்குத் தெரியாததா, ரிட்டயர் ஆகப் போற நேரத்துல அது வந்தா பென்ஷனே நின்னு போகும். ஒன்றரை வருஷம் மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சாரு. எங்க பள்ளிக்கூடத்து வழியாத்தான் பஸ்ஸுக்குப் போவாரு. அவரைப் பாக்குறப்பல்லாம் என் சர்வீஸ் புக்குதான் ஞாபகத்துக்கு வரும். வீட்டுக்காரர் போயி நாலு வருஷம் ஆகியிருந்துச்சு, மகளுக்குக் கல்யாணம் ஆகல. குழு வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு நினைச்சேன். அடுத்த வாரம் வர்றாங்கன்னு சொன்னாங்க. ஒரு வாரம்தானே.

ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்தாச்சு. குழு வரல. ஜூலையில வருதுன்னு போன். வரல. சுதந்திர தினம் முடிஞ்சு வருதுன்னாங்க. காலாண்டுப் பரீட்சை முடிஞ்சுன்னாங்க. ஒவ்வொரு தடவையும் மாரிக்கண்ணு, எங்க பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் பெருக்குற அம்மா, சாவியை வாங்கிட்டுப் போயி பினாயில் ஊத்தித் தொடச்சு வைப்பாங்க. யாரும் போகாத கக்கூஸை மாசத்துக்கு நாலு தடவை கழுவினோம். நான் திரும்ப மறக்காமச் சாவியை வாங்கிக் கைப்பையில போட்டுக்குவேன்.

பொம்பளைப் பிள்ளைக பின்னாடி முள்ளுக்குள்ள போச்சுக. வேற எங்கிட்டுப் போகும்?

நீங்க கேக்கப் போறது எனக்குத் தெரியும். ஆபீஸ் ரூமை ஒட்டி ஸ்டாஃபுக்குன்னு ஒண்ணு இருந்துச்சு. நாங்க அதுல போனோம். அதையாவது பிள்ளைகளுக்கு விட்டிருக்கலாம்லன்னு கேப்பீங்க. அது ஸ்டாஃபுக்குன்னு கட்டினதும்மா, ரிஜிஸ்டர்லயே அப்படித்தான் இருக்கு. இருங்க. இப்ப சொல்லிப் பாத்தா எனக்கே கேக்க நல்லா இல்ல.

எட்டாப்புல முனீஸ்வரின்னு ஒரு பிள்ளை. ஒல்லியா, நெத்தி நெறையத் திருநீறு. கணக்குல அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்ல. நான் போர்டுல தப்பாப் போட்டா எந்திரிக்காது, சத்தம் போடாது. வகுப்பு முடிஞ்சு கிட்ட வந்து, "டீச்சர், அந்த மூணாவது வரியில ரெண்டுதானே வரும்?"னு எனக்கு மட்டும் கேக்குற மாதிரிச் சொல்லும். அப்பா இல்ல. அம்மா பஞ்சவர்ணம், தீப்பெட்டி ஆபீஸ். எட்டாப்புல உதவித்தொகைப் பரீட்சை ஒண்ணு இருக்குல்ல, பாஸ் பண்ணினா பன்னெண்டாப்பு வரைக்கும் பணம் வரும்ல, அதுக்கு நான்தான் பேரு குடுத்தேன். பஞ்சவர்ணம் கண்டிசனாச் சொல்லிட்டா. "பாஸ் பண்ணினா படிக்கட்டும் டீச்சர். இல்லாட்டி என்கூட வரட்டும், ரெண்டு கை இருந்தாத்தான் வீடு ஓடும்." பிப்ரவரி கடைசியில பரீட்சை. பாஸ் பண்ணியிருப்பா. அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆகஸ்ட்ல பெரிய மனுஷி ஆயிட்டா. நான் சடங்குக்குப் போயி ஒரு பாவாடைத் துணி வச்சுட்டு வந்தேன். திரும்பி வந்தப்ப பிள்ளை ஒரு மாதிரியா இருந்துச்சு. மத்தியானம் ஆனா தலைவலின்னு பெஞ்சுல கவுந்துக்கும். மாத்திரை குடுத்தேன். மறுநாளும் தலைவலி. தண்ணி குடிச்சியாடின்னேன். "காலையில எந்திரிச்சதுலருந்து குடிக்கல டீச்சர். குடிச்சா வரும்ல." சாதாரணமாச் சொன்னா, ஏதோ கணக்குச் சொல்ற மாதிரி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாங்களும் அப்படித்தான்டி படிச்சோம்"னேன். பொய்யில்லம்மா. ஆறாப்புலருந்து நாலு மைல் நடந்து போயிப் படிச்சேன், அங்க பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஒரு மறைப்பு கிடையாது. காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டோம். அதுல வந்த பழக்கம்தான் இது. ஏதோ பெருமை மாதிரி அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னேன். அனுபவிச்சவளுக்குத்தானே முதல்ல புரியணும். எனக்குப் புரியல. நாம தாங்கினோம், இதுக தாங்காதான்னுதான் தோணுச்சு.

முள்ளுக்காட்டுக்குப் பின்னாடி மில்லுக்குப் போற பாதை. பைக்குல போற பயலுக அங்க நின்னு வேடிக்கை பாக்க ஆரம்பிச்சானுக. அக்டோபர்ல ஒருநாள் காலையில பஞ்சவர்ணம் வந்தா. வேலைக்குப் போற அவசரம், மேல போட்டிருந்த சட்டை எல்லாம் பழைய தீப்பெட்டி மருந்துக் கறை. சண்டை போடத்தான் வர்றான்னு நினைச்சேன். போடல. கும்பிட்டா.

"டீச்சர், வயசுக்கு வந்த பிள்ளையை அந்த முள்ளுக்குள்ள அனுப்ப முடியல. அதைத் தொறந்து விடுங்க. தண்ணி இல்லன்னுதானே யோசிக்கிறீங்க? போறப்ப ரெண்டு குடம், வர்றப்ப ரெண்டு குடம் நான் கொண்டாந்து ஊத்துறேன். நானே கழுவியும் விட்டுர்றேன். ஒரு பொட்டு அழுக்கு இருக்காது."

"அடுத்த வாரம் குழு வருது பஞ்சவர்ணம். வந்துட்டுப் போன மறுநாளே தொறந்துருவேன்."

"அது வரைக்கும்?"

 "கொஞ்சம் பொறுத்துக்கோ"ன்னேன். மறுநாள்லருந்து முனீஸ்வரி வரல.

அடுத்த வாரம் குழு வரல. நவம்பர்ல மழை, வரல. டிசம்பர்ல அரையாண்டுப் பரீட்சை. பொங்கல் முடிஞ்சு, பிப்ரவரி முதல் வாரத்துல ஒருநாள் சாயங்காலம் பி.இ.ஓ. போன். "நாளைக்குப் பத்து மணிக்கு உறுதி டீச்சர். பிள்ளைககிட்டப் பேசுவாங்க. நல்லா வாய் பேசுற பொம்பளைப் பிள்ளையா ஒண்ணை நிறுத்தி வைங்க."

சொல்லிக் குடுத்ததைத் தப்பில்லாமச் சொல்ற பிள்ளைன்னா எனக்கு யாரு ஞாபகத்துக்கு வருவா? வகுப்புல இருக்கிற பிள்ளைகளை எல்லாம் ஒருதரம் நினைச்சுப் பார்த்துட்டு, முனீஸ்வரி வீட்டுக்குத்தான் போனேன். உலை வச்சுக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு நின்னு, கணக்குப் புத்தகத்தை எடுத்துக் காட்டுனா. விட்ட பாடம் எல்லாத்தையும் தானாவே போட்டு வச்சிருக்கா. வாங்கிப் புரட்டிப் பார்த்தேன், ஒரு தப்பு இல்ல. ஆனா போன காரியத்தைச் சொன்னேன். பரீட்சைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, ஹால் டிக்கெட் வந்துருச்சு, நாளைக்கு வந்து இந்த ஒரு வார்த்தை சொல்லிட்டா நாளான்னைக்குக் காலையில தொறந்துருவேன்னு சொன்னேன். பஞ்சவர்ணம் என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. "என் மக மேல சத்தியம்"னேன். இப்ப திருச்சியில இருக்காளே, அந்த மக மேல.

மறுநாள் டிராக்டர்ல தண்ணி எடுத்துட்டு வந்து டிரம்ல நிரப்பி வச்சோம். வாசல்ல கோலம். முனீஸ்வரி யூனிபார்ம் போட்டு, எண்ணெய் வச்சு இறுக்கிப் பின்னி, கவர்மெண்டுல குடுத்த செருப்பைப் போட்டுக்கிட்டு வந்து நின்னா. நான் சொல்லிக் குடுத்தேன். "தினமும் பயன்படுத்துறோம். சோப்புப் போட்டுக் கை கழுவுறோம்." ஒரு தடவை சொன்னதும் பிடிச்சுக்கிட்டா. அவளா பிடிக்க மாட்டா?

மூணு பேர் வந்தாங்க. ரெண்டு ஆம்பளை, ஒரு அம்மா. அந்த அம்மாவுக்கு என் வயசு இருக்கும், கண்ணாடி போட்டிருந்தாங்க. ஆம்பளைக ரெண்டு பேரும் பொம்மைப் படத்தைப் போட்டோ எடுத்துக்கிட்டு வெளிய நின்னுக்கிட்டாங்க. அந்த அம்மா முனீஸ்வரிகிட்டக் கேட்டாங்க. முனீஸ்வரி கணீர்னு சொன்னா. "தினமும் பயன்படுத்துறோம் மேடம்." எனக்கு உசிரு வந்துச்சு.

"அப்படியா? வா, உள்ள எப்படி இருக்குன்னு எனக்குக் காட்டு"ன்னாங்க.

முனீஸ்வரி முன்னாடி போனா. வாசப்படியில நின்னா. நின்னு, செருப்பைக் கழட்டினா. இடது காலு, வலது காலு. ரெண்டையும் ஓரமாச் சேர்த்து வச்சா. வச்சுட்டு வெறுங்காலோட உள்ள போனா.

டைல்ஸ் அப்படி மினுங்குச்சும்மா. அதுல செருப்புக் காலை வைக்க அந்தப் பிள்ளைக்கு மனசு வரல. அது பாத்ததே அன்னைக்குத்தான். தினமும் கக்கூஸுக்குப் போற எந்தப் பிள்ளை வாசல்ல செருப்பைக் கழட்டிப் போடும், நீங்க சொல்லுங்க.

அந்த அம்மா செருப்பைப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க. நான் தரையைப் பார்த்தேன். "செருப்பைப் போட்டுக்கோ கண்ணு, தரை ஈரமா இருக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க. பேப்பர்ல எல்லாத்துக்கும் டிக் போட்டாங்க. ஜீப்புல ஏறுறப்ப என்னைத் தனியாக் கூப்பிட்டு, "டீச்சர், உள்ளதை எழுதினா உங்களுக்கு ரெண்டாவது தவணை நின்னுரும், தொட்டி வராது, கடைசியில இந்தப் பிள்ளைகதான் கஷ்டப்படும். அதனாலதான் நல்லா எழுதியிருக்கேன். தொறந்து விட்டுருங்க"ன்னாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். மெதுவாச் சொன்னாங்க. முப்பத்தி நாலு வருஷத்துல யாருகிட்டயும் நான் அப்படித் தலைகுனிஞ்சு நின்னதில்ல.

ஜீப்பு போனதும் முனீஸ்வரி கிட்ட வந்தா. "டீச்சர், நான் நல்லாச் சொன்னேனா?"ன்னா. செருப்பு விஷயம் அவளுக்குத் தெரியவே தெரியாது. நல்லாச் சொன்னடின்னேன். "அப்ப நாளைக்கா டீச்சர்?"ன்னா. நாளைக்குத்தான்னேன்.

ஏப்ரல்ல பணம் வந்துச்சு. மோட்டார், தொட்டி, எல்லாம் வந்துச்சு. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கிறப்ப கழிப்பறையையும் தொறந்து விட்டேன். ஒண்ணும் உடையலம்மா. ஒரு டைல்ஸ் போகல. பிள்ளைக தானா முறை வச்சுக் கழுவிச்சுக. ரிட்டயர் ஆகுற வரைக்கும் பாத்தேன், அப்படியே இருந்துச்சு. நான் என்னத்துக்குப் பயந்தேன்னே தெரியல. மாவட்டத்துல பரிசு கூடக் குடுத்தாங்க, ஷீல்டு இன்னும் அந்த ஆபீஸ் ரூம்லதான் இருக்கும். எனக்கு மாசம் ஒண்ணாம் தேதி பென்ஷன் வந்துருது. ஒரு ரிமார்க் கிடையாது.

என்னம்மா? ஜூனான்னா கேட்டீங்க?

ஆமா. ஜூன். நாளைக்குன்னு சொன்னது பிப்ரவரியில. கவனிச்சுட்டீங்க, ஆடிட்ல இருக்கறவங்கள்ல. இந்த இடத்தைத் தாண்டிப் போயிரலாம்னுதான் பாத்தேன். எங்க வீட்டுலயும் இதைச் சொன்னதில்ல.

அன்னைக்குச் சாயங்காலமே பி.இ.ஓ. போன் பண்ணிட்டாரு. "அந்த அம்மா பிரமாதமா எழுதிட்டுப் போயிருக்காங்க டீச்சர். மாவட்டப் பரிசுக்கு உங்க பேரு போகுது. பதினஞ்சு நாளைக்குள்ள இன்னொரு குழு வரும். ஒரு தூசி தும்பு படாம அப்படியே வச்சிருங்க." நான் சரிங்க சார்னேன்.  சரிங்க சார்னு சொல்லிச் சொல்லியே வாய் பழகிப் போச்சு.

மறுநாள் காலையில முனீஸ்வரி வந்துட்டா. பெல் அடிக்க முன்னாடியே. கையில ஒரு பெரிய கலர் பாட்டிலு, லேபிளைக் கிழிச்சுச் சுத்தமாக் கழுவி, தளும்பத் தளும்பத் தண்ணி. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி கொண்டாந்து நான் பார்த்ததே இல்ல. முதல் பீரியடு நான்தான் கணக்கு எடுத்தேன். ஒரு கணக்குப் போடும், ஒரு மடக்குக் குடிக்கும். ஒரு கணக்குப் போடும், ஒரு மடக்குக் குடிக்கும். பக்கத்துப் பிள்ளைக்கும் குடுத்துச்சு. நான் போர்டைப் பார்த்துத் திரும்பிக்கிட்டேன்.

பதினோரு மணிக்கு இன்டர்வெல் பெல். ஆபீஸ் ரூம் வாசல்ல வந்து நின்னா. "டீச்சர், சாவி"ன்னா. சிரிச்சுக்கிட்டே கேட்டா.

சாவி என் கைப்பையில இருக்கு. கைப்பை மேசை மேல இருக்கு. எடுத்துக் குடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? "இன்னும் ஒரு பதினஞ்சு நாள்டா"ன்னேன். "இன்னொரு குழு வருது."

அழுகல. ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ என்னமோ. வகுப்புக்குப் போயிப் பையை எடுத்துட்டு வந்தா. வராந்தா ஓரத்துல பூவரசங்கன்னு ஒண்ணு வச்சிருந்தோம். பாட்டில்ல மிச்சமிருந்த தண்ணியை அதுக்கு ஊத்தினா, கடைசிச் சொட்டு வரைக்கும். பாதிக்கு மேல குடிச்சிருந்தாம்மா. அதை வயித்துல வச்சுக்கிட்டு, பயலுக நிக்கிற அந்த மில்லுப் பாதையில ஒண்ணரை மைல் நடந்து போயிருக்கணும். நான் ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். வெள்ளை ரிப்பன் தெரியற வரைக்கும் பார்த்தேன். என் கை அந்தக் கைப்பை மேலயேதான் இருந்துச்சு.

பரீட்சைக்கு வரல. ஹால் டிக்கெட்டைக் கொண்டு போயிக் குடுக்க எனக்கு மூஞ்சி இல்ல. தீப்பெட்டி ஆபீஸ் வேன்ல அம்மாவும் மகளும் போறதைப் பஸ் ஸ்டாப்புல நின்னு ரெண்டு மூணு தடவை பார்த்திருக்கேன். என்னைப் பார்த்தா அது "வணக்கம் டீச்சர்"னு சொல்லும். அதுதான் எனக்குத் தாங்காது.

விராலிமலை தாண்டியாச்சு போல. இந்த ஓட்டல்ல பஸ் பத்து நிமிஷம் நிக்கும், பின்னாடி பாத்ரூம் சுத்தமா இருக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. நீங்க போயிட்டு வாங்க. பையை வச்சுட்டுப் போங்க, நான் பார்த்துக்கிறேன். அந்தப் பாட்டிலை மட்டும் உள்ள எடுத்து வச்சிருங்க, என் கண்ணுக்கு நேரா நிக்குது.

இல்லம்மா, நான் வரல. நான்தான் தண்ணி குடிக்கலையே.